கடைமடைக்குத் தண்ணீர் வருமா? - சிஸ்டர்கள் நடத்தும் ஆஸ்பத்திரிகள் பற்றி

செமஸ்டர் பரீட்சை முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். இந்த முறை எடுத்துக்கொண்ட விஷயம், நம் நாட்டில் கத்தோலிக்க சபையினர் நடத்தும் மருத்துவமனைகள் எப்படி ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது. "பத்ரகாளியம்மன் கோயில் ஊர்க்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் கட்டுரையின் நடுவில் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. அம்பகரத்தூர், திருநள்ளாறிலிருந்து பேரளம் போகிற வழியில் இருக்கிறது. காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆனால் புதுச்சேரி நகரம் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர்! சுற்றிலும் தமிழ்நாடு. காவிரியைப் பொறுத்தவரை நாங்கள் கடைமடை. நடுவர் மன்றம் 2007ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி தண்ணீர் காரைக்கால் வயல்களுக்குத்தான். உச்ச நீதிமன்றமும் 2018ல் அந்த அளவை மாற்றவில்லை. ஆனால் தீர்ப்பில் எழுதியிருப்பது ஒன்று, வாய்க்காலில் வருவது ஒன்று என்று இங்கே எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அது கடைமடை வரை வந்து சேருகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

மருத்துவத்துக்கும் இதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நூறு வருடத்துக்கு முன்பு கத்தோலிக்க கன்னியாஸ்திரி ஒருவர் டாக்டராகத் தொழில் பார்ப்பது சுலபமில்லை. சபைச் சட்டம் தடையாக இருந்தது. நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம், ஆனால் முழு மருத்துவம் பார்க்க, அதிலும் பிரசவம் பார்க்க, அனுமதி கிடையாது. அதே காலத்தில் இந்தியாவில் எத்தனையோ பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் இதைப் பார்த்துவிட்டு, 1909ல் ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். கன்னியாஸ்திரிகளையும் மருத்துவம் பார்க்க விடுங்கள் என்று ரோமுக்கு முறையிட்டுக்கொண்டே இருந்தார். 1913ல் அவர் இறக்கும்போதும் அந்தத் தடை நீங்கவில்லை.

அவரைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகம் 1915ல் ஆஸ்திரேலியாவில் மேரி குளோரி என்ற இளம் டாக்டரின் கையில் கிடைத்தது. மெல்போர்னில் படித்தவர், நல்ல வேலையில் இருந்தவர். அதைப் படித்ததும் மனது மாறிவிட்டது. மேற்படிப்பையும் முடித்துக்கொண்டு 1920ல் கப்பலேறி ஆந்திராவில் குண்டூர் வந்து சேர்ந்தார். அங்கே ஜே.எம்.ஜே சபையில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆனார். டாக்டராகவும் வேலை செய்ய ரோமிலிருந்து அவருக்குத் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. எல்லோருக்குமான தடையை ரோம் 1936ல்தான் நீக்கியது. அதாவது சட்டம் மாறுவதற்கு 16 வருடம் முன்பே இவர் வேலையைத் தொடங்கிவிட்டார்!

குண்டூரில் அவர் கட்டி எழுப்பிய புனித சூசையப்பர் மருத்துவமனை நன்றாக நடந்தது. ஆனால் இந்தியா முழுக்கப் பார்த்தால், ஒவ்வொரு சபையும் தனித்தனியாக ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் நடத்தியது. ஓரிடத்தில் டாக்டர் இருப்பார், மருந்து இருக்காது. இன்னோரிடத்தில் கட்டடம் இருக்கும், நர்ஸ் இருக்கமாட்டார். ஒரு சிஸ்டருக்குத் தெரிந்தது பக்கத்து மாவட்டத்து சிஸ்டருக்குத் தெரியாது. அதனால் 1943 ஜூலை 29 அன்று குண்டூரில் 16 சிஸ்டர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய இந்தியக் கத்தோலிக்க சுகாதாரச் சங்கம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாய்' என்பார்கள். (டீ இல்லை!) இன்று இதன் தலைமையகம் செகந்திராபாத்தில் இருக்கிறது. 3,500க்கு மேற்பட்ட உறுப்பு நிறுவனங்கள். இதில் பெரிய மருத்துவமனைகள் குறைவு. பெரும்பாலானவை கிராமங்களில் இருக்கும் சின்னச் சின்ன சுகாதார மையங்கள்தான்.

கத்தோலிக்க மாணவர்களுக்காக ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது மேரி குளோரியின் பெரிய ஆசை. 1957ல் பெங்களூரில் அவர் காலமானார். 1963ல் அதே பெங்களூரில் ஆயர் பேரவை புனித ஜான் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. படித்து முடித்தவர்கள் வசதி குறைந்த இடங்களில் கொஞ்ச காலம் வேலை செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு நிபந்தனை உண்டு. தலைமடையில் படித்தவரைக் கடைமடைக்கு அனுப்பும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் 'கத்தோலிக்க சபை' என்பது ஒரே கம்பெனி மாதிரி தெரியும். மேலே ஒருவர் உத்தரவு போட்டால் கீழே எல்லோரும் கேட்பார்கள் என்று நினைப்போம். உண்மை அப்படி இல்லை. சில ஆஸ்பத்திரிகள் மறைமாவட்டத்துக்குச் சொந்தம், பல ஆஸ்பத்திரிகள் கன்னியாஸ்திரி சபைகளுக்குச் சொந்தம். ஒவ்வொன்றுக்கும் தனி டிரஸ்ட், தனிக் கணக்கு, தனி மதர். சங்கம் யாருக்கும் கட்டளையிட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் புதுச்சேரி-கடலூர் உயர் மறைமாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் வேளாங்கண்ணி தஞ்சாவூர் மறைமாவட்டம். கும்பகோணம் தனி மறைமாவட்டம். நமக்கு அரசாங்க எல்லை ஒரு பிரச்னை என்றால், அவர்களுக்கும் எல்லைகள் இருக்கின்றன.

அப்படியும் சேர்ந்து செய்த வேலைகள் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியை எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாது. அப்போது நான் பிறக்கவில்லை. சித்தப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர், காரைக்காலில் சுமார் 500 பேர் இறந்துபோனார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் யாத்திரை வந்தவர்கள் நிறைய. அந்தச் சமயத்தில் தஞ்சாவூர், புதுச்சேரி மறைமாவட்டங்களின் பல்நோக்கு சமூக சேவை சங்கங்கள், காரித்தாஸ் இந்தியா எல்லாம் ஒரே கடற்கரையில் வேலை செய்தன. அலைக்கு எந்த எல்லையும் தெரியாது, அதனால் இவர்களும் எல்லை பார்க்கவில்லை.

காசநோயிலும் அப்படித்தான். 2010ல் தொடங்கிய 'அக்ஷயா' திட்டத்தில் சாய் சங்கம், ஆயர் பேரவையின் அமைப்பு, புராட்டஸ்டண்ட் மருத்துவர்களின் சி.எம்.ஏ.ஐ, மதம் சாராத தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே குடையின் கீழ் அரசுடன் சேர்ந்து வேலை செய்தன. 2020ல் கொரோனா வந்தபோது கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மருத்துவ அமைப்புகளின் கூட்டமைப்பு, ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகளையும் சுமார் 60,000 படுக்கைகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியது. தனித்தனியாக 20 படுக்கை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி டெல்லிக்குக் கடிதம் எழுதினால் யார் படிப்பார்கள்? சேர்ந்திருந்ததால்தான் அது ஒரு எண்ணாக ஆனது.

இனி என் நண்பனின் கேள்விக்குப் பதில்.

என் அப்பாயிக்குச் சர்க்கரை. பக்கத்து ஊர் ஒன்றில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன டிஸ்பென்சரி இருந்தது. அப்பாயி அதை 'வேதக்கார ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்லும். அங்கே வயதான ஒரு சிஸ்டர் அப்பாயியின் காலைப் பார்த்துக்கொண்டார். உள்ளங்காலில் ஒரு புண். வலிக்காததால் அப்பாயி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சிஸ்டர்தான் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"வலிக்கலன்னு சந்தோஷப்படாதீங்க பாட்டியம்மா. வலிக்காததுதான் வியாதி. தினமும் படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலன்னா கண்ணாடிய கீழ வச்சுப் பாருங்க."

"வயலுக்குப் போவாம எப்புடிம்மா இருக்கறது?"

"போங்க. வெறுங்காலோட போவாதீங்க."

டிரஸ்ஸிங் கட்டும்போது அந்த சிஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டில் காலின் படம் போட்டு, புண் இருக்கும் இடத்தைக் குறித்து, தேதியும் அளவும் எழுதுவார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நோட்டு. இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "தொழுநோய் ஆஸ்பத்திரியில பதினஞ்சு வருஷம் இருந்தேன் தம்பி" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேலூர் சி.எம்.சியில் 1946 முதல் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் காயம் பட்டும் தெரியாமல்தான் அழிகின்றன என்று காட்டினார். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் அவர்கள் பயன்படுத்தியதுதான் எம்.சி.ஆர் செருப்பு. மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு. சர்க்கரை நோயிலும் பாதத்தில் அதே உணர்ச்சி இழப்புதான், அதே செருப்புதான் உதவுகிறது. யோசித்துப் பாருங்கள்! ஒரு புராட்டஸ்டண்ட் மருத்துவமனையில் கண்டறிந்தது, கத்தோலிக்க தொழுநோய் இல்லங்களுக்குப் போய், அங்கே வேலை பார்த்த ஒரு சிஸ்டர் வழியாக, காளி கோயிலுக்கு விளக்குப் போடும் என் அப்பாயியின் கால் வரைக்கும் வந்திருக்கிறது. கடைமடைக்கு வந்த தண்ணீர் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் பிறகு நடந்தது இது. அந்த சிஸ்டருக்கு உடம்பு முடியாமல் அவரைத் தலைமை மடத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அனுப்ப ஆள் இல்லை. டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள். நோட்டுகள் எல்லாம் ஒரு பெட்டியில் போனதாகச் சொன்னார்கள். அப்பாயியை வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். பெயர் வேண்டாம். எத்தனை நாளாகப் புண், முன்பு எவ்வளவு பெரிசாக இருந்தது, எது போட்டு ஆறியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காலைத் திருப்பிப் பார்க்கவே மூன்றாவது முறை போனபோதுதான் நேரம் கிடைத்தது. அதற்குள் ஒரு விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

என் பெரியம்மா மகள் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் நர்ஸ். அக்கா தனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டரிடம் சொல்ல, அவர் இன்னொரு சிஸ்டருக்குப் போன் போட, கடைசியில் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புத் தைக்கும் பிரிவில் அளவு கொடுத்து எம்.சி.ஆர் செருப்பு வாங்கினோம். அதற்குப் பிறகு புதுப் புண் இல்லை. சந்தோஷம்தான். ஆனால் அக்கா நர்ஸாக இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டோடு முடிவதில்லை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் 26.3 சதவீதம்! நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று. பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை. இன்னொரு பக்கம், தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. நோய் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் பழைய கூட்டம் இல்லை. கும்பகோணம் சாக்கோட்டை, திருச்சி பாத்திமா நகர் என்று நம் பக்கமே சிஸ்டர்களின் தொழுநோய் மருத்துவமனைகள் பேர்பெற்றவை. உணர்ச்சியில்லாத காலை எப்படிக் காப்பாற்றுவது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கைகள் ஒரு பக்கம். அது தெரியாமல் விரலை இழக்கும் கிராமத்து ஜனம் இன்னொரு பக்கம். நடுவில் வாய்க்கால் மட்டும்தான் வெட்ட வேண்டும்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2016ல் காரைக்காலில் ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரி வந்தது. திருவாரூரில் 2010லும் நாகப்பட்டினத்தில் 2022லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. ஆபரேஷனுக்கு இப்போது முன்னளவு அலைய வேண்டியதில்லை. ஆனால் தினமும் காலைப் பார்க்கச் சொல்லித் திட்டுவதற்கு மருத்துவக் கல்லூரியால் முடியுமா? அதற்கு ஊருக்குள் ஒரு ஆள் வேண்டும்.

சிஸ்டர்களைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது கட்டுரை ஆகாது, நோட்டீஸ் ஆகிவிடும். குறைகளும் உண்டு. நகரங்களில் சில கத்தோலிக்க மருத்துவமனைகள் பெரிதாகப் பெரிதாக, பில்லும் பெரிதாகிவிட்டது. 2011-12ல் கேரளத்தில் நர்ஸுகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது கத்தோலிக்க மருத்துவமனைகளின் வாசலிலும் உட்கார்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016ல் பரிந்துரைத்தது. "சேவை செய்யறது சரி தம்பி, சிஸ்டருக்கு மடம் இருக்கு, எனக்கு வாடகை வீடுதானே" என்று அக்கா ஒருமுறை சொன்னது இதைத்தான். கன்னியாஸ்திரிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, இந்த வேலையை இனி செய்யப்போவது அக்கா மாதிரி ஆட்கள்தான். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்காமல் எந்த ஊழியமும் நிலைக்காது.

சேர்ந்து செய்வது எப்படி என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் இருக்கிறது. உகாண்டாவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1979ல் ஒரு கூட்டு மருந்துக் கிடங்கு தொடங்கினார்கள். கென்யாவில் 1986ல் அதேபோல. மொத்தமாக மருந்து வாங்கி, சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் விநியோகிக்கிறார்கள். தனியாக வாங்கினால் சின்ன டிஸ்பென்சரிக்குக் கிடைக்காத விலையும் தரமும் சேர்ந்து வாங்கினால் கிடைக்கும். மருந்துக்குச் செய்ததை அறிவுக்கும் செய்யலாம் அல்லவா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒன்று, ஒரு டிஸ்பென்சரியை மூடுவதற்கு முன்னால் நோயாளிகளின் நோட்டை அவரவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. இரண்டு, ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்குப் புண் கழுவவும் காலைப் பார்க்கவும் தொழுநோய் மருத்துவமனைகளில் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்கள் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை, சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அவசியம். மூன்று, 'எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர்' என்ற தொடர்பு, யார் போன் செய்தாலும் எடுக்கும் ஒரு நம்பராக மாற வேண்டும். மறைமாவட்ட எல்லை, மாநில எல்லை பார்க்காத நம்பர்.

1943ல் குண்டூரில் கூடிய அந்த 16 பேரிடம் பணமோ அதிகாரமோ பெரிதாக இருந்திருக்காது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியட்டும் என்ற எண்ணம் இருந்தது. அன்று அவர்கள் சேர்ந்தது ஆஸ்பத்திரிகளை வளர்க்க. இன்று சேர வேண்டியது, ஆஸ்பத்திரி மூடிய இடத்திலும் வைத்தியம் நிற்காமல் இருக்க. ஒரு நல்ல மனுஷி ஊரை விட்டுப் போவதை யாரும் தடுக்க முடியாது. அவர் கற்றுவைத்த வித்தையும் அவரோடு பஸ் ஏறிப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் சங்கம் என்று ஒன்று வேண்டும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால், இன்று ராத்திரி அவர்கள் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.